என் குரல்வளையை எடுக்க அண்ணனிடம் சம்மதம் வாங்கியது பற்றி

அனுப்புநர்:
பேருந்து நிலைய அறிவிப்பாளர்,
பெண்கள் பிரிவு, ஜன்னலோரக் கட்டில்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: எனக்கு மனத்தெளிவு இல்லை என்று எழுதிய அறுவை மருத்துவர் மீது புகார், திங்கட்கிழமை அறுவையை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் குரல்வளையில் புற்றுநோய். முழுவதுமாக எடுத்துவிட்டால் உயிர் தங்கும், பேச்சு போய்விடும். கதிர்வீச்சுக்குப் போனால் பேச்சு தங்கலாம். நோய் திரும்பி வந்து ஆளையே கொண்டுபோகவும் செய்யலாம். இரண்டையும் கேட்டு, விளங்கிக்கொண்டு, கதிர்வீச்சே போதும் என்றேன்.

2. அதுவரை என் புத்தியைப் பற்றி மருத்துவருக்கு எந்தக் கவலையும் இருந்ததில்லை. சதை எடுத்துச் சோதிக்கச் சம்மதித்தபோது, படிக்கக்கூட விடாமல் கையெழுத்து வாங்கினார். மாட்டேன் என்றதும்தான் இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழி என்று ஆரம்பித்தார். கழித்தேன். எந்தப் பேருந்து எந்த நடைமேடை என்று நாளெல்லாம் பிசகாமல் சொல்பவளுக்கு இது ஒரு கணக்கா?

3. பிறகு, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றார். கல்யாணம் குரல்வளையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கேலியை, 'நோயின் தீவிரம் புரியவில்லை' என்று எழுதிக்கொண்டார். தம் தாயார் இதே அறுவைக்குப் பின் சிலேட்டில் எழுதிக்காட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாராம். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். அந்த அம்மா மைக் பிடித்துப் பிழைத்தவர் அல்ல. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்ததே அதனால்தான். அவருக்கு ஒத்துக்கொண்டது எனக்கு வேண்டாம் என்றால் எனக்குப் பைத்தியமா?

4. கடைசியில் என் அண்ணனை வரவழைத்து, எனக்குப் பதிலாகக் கையெழுத்திட வைத்திருக்கிறார். அண்ணன் கட்டிலருகே நின்று, "உயிரோட இருந்தா போதாதா, இனிமே பேசி என்னத்தக் கிழிக்கப் போறே?" என்றார். மருத்துவர் தலையாட்டினார். வீட்டில் என் வாயை அடக்க முடியாதவருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

5. நான் சாகத் துணிந்தவள் அல்ல. பயமாகத்தான் இருக்கிறது, ஐயா. பயந்துகொண்டேதான் முடிவெடுத்தேன்.

ஆகவே அறுவையை நிறுத்தி, இவருக்கு வேண்டியவர் அல்லாத வேறொரு மருத்துவரைக் கொண்டு என்னை மறுபடி சோதிக்க ஆணையிடுங்கள். என்னை விசாரிப்பதாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வந்தால், எனக்காக என் அண்ணன்தான் பேசுவார்.

இடம்: பெண்கள் பிரிவு
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு, முழு நினைவோடு,
(கையொப்பம்)