கம்பிக்கு மேலே வந்த தூக்கு

அக்கா,

இன்று காலையில் உங்கள் பெயரை வாசித்தேன்.

உங்கள் தூக்குப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தேன். அடியில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் மினுங்கின. எத்தனையோ வருடமாக அதைப் பார்த்து வருகிறேன். ஈரமணலில் நண்டு நடந்த தடம்போல என்றுதான் எண்ணியிருந்தேன். இன்று விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். முதல் எழுத்து பிடிபட்டது. இரண்டாவதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பிறகு கடகடவென்று வந்துவிட்டது.

"ஏது, பாத்திரத்தப் புடிச்சிக்கிட்டு செபம் சொல்லுதியளா?" என்று அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி கேட்டாள்.

"ஏட்டி, இது அக்காவுக்க பேரு!"

"அத நான் கலியாணம் கழிஞ்ச நாள்லேருந்து கரடியா கத்துதேன்" என்றாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். எங்கள் கலியாணத்துக்குப் பிறகுதான் உங்களை எனக்குத் தெரியும். ஆனால் அவள் வாசித்துச் சொன்னது உண்மை. இருந்தாலும் அக்கா, ஒருத்தி சொல்லிக் கேட்பது வேறு, நாமே வாசிப்பது வேறு. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

எங்கள் ஊரான இனயத்தில், கோயில் ஹாலில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. டீச்சர் என் மருமகள். எழுபதை எட்டப்போகிற என்னை முன்பெஞ்சில் உட்கார வைத்தாள். பட்டாளத்தில் கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் படம் வரைவது போல. இப்போது பஸ் போர்டு வாசிக்கிறேன், சோப்புக் கவர் வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. மெதுவாகத்தான் வரும். நீங்கள் அவசரப்படாதீர்கள்.

நான் உங்கள் ஊருக்கு வந்தபோது எனக்கு முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை. கடலுக்குப் போகப் பயந்து பட்டாளத்துக்குப் போனவன் என்று என் தெருவில் கேலி செய்வார்கள். போன இடத்திலும் துப்பாக்கி இல்லை, கரண்டிதான். இந்திய அமைதிப் படையோடு கப்பலேற்றி யாழ்ப்பாணத்தில் இறக்கினார்கள். உங்கள் அண்ணன் கொழும்பில் இருந்ததால் பூட்டிக்கிடந்த அவர் வீட்டை முகாமாக்கினார்கள். சுற்றி முள்கம்பி இழுத்தார்கள். அண்ணன் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே எல்லையில் கிடந்த கிணறும் கம்பிக்குள் அகப்பட்டுக்கொண்டது.

மறுநாள் காலையில் வாளியோடு வந்து கம்பிக்கு அப்பால் நின்றீர்கள். பின்னால் உங்கள் வெங்காயப் பாத்திகள். தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. காவலுக்கு நின்ற வடக்கு மலைநாட்டுப் பையன் இந்தியில் ஏதோ சொன்னான். நீங்கள் தமிழில் அதைவிட நிறையச் சொன்னீர்கள். அவன் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டான்.

"எக்கா, என்ன காரியம்?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "நீ தமிழோ?"

"ஆமா. கன்னியாகுமரிப் பக்கம்."

"அப்ப சொல்லு. இந்தக் கிணத்தில பாதி என்ர சீதனம். என்ர வெங்காயம் சாகுது. தண்ணியை விடச் சொல்லு."

முகாமுக்குப் பொறுப்பான சுபேதாரிடம் போய்ச் சொன்னேன். மோசமான மனிதர் இல்லை. ஆனால் வெளி ஆள் உள்ளே வந்தால் என்ன கொண்டு வருவார்களோ என்ற பயம் அவருக்கு. யாரும் உள்ளே வரக் கூடாது, யாரிடமும் எதுவும் வாங்கித் தின்னவும் கூடாது என்று உத்தரவு. எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கோதுமை மாவும் பருப்பும் ஒரு பையில் கட்டிக் கம்பிக்கு மேலே நீட்டினேன்.

"என்ன இது?"

"சும்மா, வச்சுக்கிடுங்கோ."

"என்ர கிணத்தைப் பிடிச்சுப்போட்டு எனக்குப் பிச்சை போடுறியோ? கொண்டு போடாப்பா. உங்கட பருப்பு வேகுற நேரத்துக்கு நான் வெங்காயம் நட்டுக் கிண்டிப்போடுவன்."

அந்தப் பருப்பு வேகாது என்பது உண்மை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. ஆனால் அன்று மத்தியானம் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிணற்றுத் தொட்டியிலிருந்து உங்கள் பாத்திக்குப் போகிற வாய்க்கால் கம்பிக்கு அடியில் அப்படியே கிடந்தது. ஆள்தானே தாண்டக் கூடாது, தண்ணீர் தாண்டலாமே!

அன்று சாயங்காலம் முகாமே தொட்டியடியில் குளிக்கும்படி செய்துவிட்டு, பெரிய மூளைக்காரன் மாதிரி நின்றேன். வாய்க்காலில் நுரை நுரையாகத் தண்ணீர் வந்ததும் நீங்கள் போட்ட கூச்சல் இப்போதும் காதில் இருக்கிறது. "என்ர வெங்காயத்துக்கு உன்ர பட்டாளத்தின்ர சவுக்காரத் தண்ணியோ?"

மறுநாள் முதல் அடுப்பு மூட்டுமுன் நானே நல்ல தண்ணீர் இறைத்து விட்டேன். நாங்கள் ஏற்றம் என்போம், நீங்கள் துலா என்பீர்கள். மலைநாட்டுப் பையன்கள் அதுவரை துலாவைப் பார்த்ததில்லை. ஒருவன் மேலே ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவன் கீழே வாளியைச் சாய்ப்பான். யார் ஏறுவது என்று அவர்களுக்குள் சண்டை வரும். ஆள் மாற்றி ஆள் உங்கள் வயலுக்கு இறைத்தார்கள். எதற்கு இறைக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

வெங்காயம் நிமிர்ந்தது. ஆனால் ஒரு காலையில் சுபேதார் வாய்க்காலைப் பார்த்துவிட்டார். யாரைக் கேட்டுத் தண்ணீர் வெளியே போகிறது, முகாமுக்குக் கிணறு வற்றினால் யார் பொறுப்பு என்று பிடித்துக்கொண்டார். தண்ணீர் நின்றது. காய் பருக்கிற நேரம். அதுவரை இறைத்ததெல்லாம் வீணாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து, ஒன்றும் அறியாமல், கையில் இந்தத் தூக்கோடு வந்து நின்றீர்கள். "தம்பி, வெங்காயம் பிழைச்சிட்டுது. இந்தா, ஒடியல் கூழ்" என்றீர்கள். பனங்கிழங்கு மாவில், நண்டும் இறாலும் முருங்கையிலையும் போட்ட கூழ். மூடியைத் திறந்ததும் என் ஊர்க் கடற்கரையே முகத்தில் அடித்தது. சுபேதாரின் கையோ தூக்குக்கு மேலே வந்து நின்றது. அவள் முதலில் குடித்துக் காட்டட்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"நான் குடிக்கமாட்டன்" என்றீர்கள். "என்ர சாப்பாட்டை நானே சோதிச்சுக் காட்டிற வழக்கம் எங்கட வீட்டில இல்லை. நம்பினாக் குடிக்கச் சொல்லு. இல்லாட்டித் தா, கொண்டு போறன்."

எனக்குத் தெரிந்தது, தூக்கு திரும்பிப் போனால் தண்ணீர் இனி வராது. நீங்களும் வரமாட்டீர்கள். கம்பி கம்பியாகவே நிற்கும். இரண்டு கையாலும் தூக்கி, நின்றபடி குடித்தேன். நண்டுக் காலைச் சூப்பினேன். அடியில் கிடந்த இறாலை விரலால் வழித்தேன்.

சுபேதார் என்னைத் தம் முன்னால் ஒரு பெட்டியில் உட்கார வைத்தார். நான் சாகிறேனா என்று பார்க்க. வெயில் உச்சிக்கு வரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சாகவில்லை. ஆனால் அடுப்பும் மூட்டவில்லை. பசியில் பையன்கள் ஒவ்வொருவராக வந்து, நான் உயிரோடு இருப்பதை ஒருவித வெறுப்போடு பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் சுபேதாரே கேட்டார், "அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

இல்லை என்றேன். அவர் தூக்கின் அடியை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் போகட்டும். ஆள் வரக் கூடாது" என்றார்.

மறுநாள் தூக்கைக் கழுவி, அதே பருப்பை நிறைத்துக் கம்பிக்கு மேலே நீட்டினேன். நீங்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் ஊரிலும் என் ஊரிலும் அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. பையில் தந்தபோது பிச்சையாக இருந்தது, உங்கள் தூக்கில் வந்தபோது மரியாதையாகிவிட்டது. "கெட்டிக்காரன்தான்" என்றீர்கள். அதன் பிறகு தூக்கு போகவும் வரவும் இருந்தது. முருங்கைக்காய் வரும், மாவு போகும். பச்சைமிளகாய் வரும், மண்ணெண்ணெய்கூடப் போகும்.

ஒரு வாரம் தூக்கு வரவில்லை. உங்கள் தங்கை மகனை எங்கோ ஒரு சோதனையில் எங்கள் படையினர் பிடித்து வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அவன் வீடு வந்து சேர்ந்த பின்னும் நீங்கள் கம்பிப் பக்கம் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

"எக்கா, நான் ஒண்ணும் செய்யலியே."

"நீ செய்யேல்லை. உன்ர உடுப்புச் செய்தது. உடுப்புக்கு நான் தூக்குத் தரமாட்டன்."

நான் வேறு, படை வேறு என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் என் சம்பளமும் சோறும் அந்த உடுப்பில்தான் இருந்தது. நீங்களும் அந்த ஆறுதலை எனக்குத் தரவில்லை, கடைசிவரை தரவில்லை. அன்று மாலை வேலை முடிந்ததும் பட்டாளச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலிச் சாரம் உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். நீங்கள் பார்த்தீர்கள். உள்ளே போய்த் தூக்கை எடுத்து வந்தீர்கள். அதற்குப் பிறகு உங்கள் முன்னால் நான் உடுப்போடு வந்ததே இல்லை.

போகச் சொல்லி உத்தரவு வந்தபோது மூச்சுவிட நேரமில்லை. சட்டியும் பானையும் லாரியில் ஏறின, உங்கள் தூக்கும் அவற்றோடு ஏறிவிட்டது. லாரி திரும்பும்போது நீங்கள் வேலியோரம் கையில் வெங்காயப் பிடியோடு நின்றீர்கள். நான் தூக்கை உயர்த்திக் காட்டினேன். எறியட்டுமா என்று கேட்டேன்.

"எறியாதை! வைச்சிரு. வெறுமையாத் தராதை!"

இங்கே அது வெறுமையாக இருந்ததே இல்லை அக்கா. என் வீட்டுக்காரி அதில் உலர்ந்த கூனி இறால் போட்டு வைப்பாள். பிள்ளைகள் வளர்ந்தார்கள், கடல் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து போனது. தூக்கு மட்டும் அதே அலமாரியில்.

போன மாதம் என் பேரன் போனில் தேடித் தேடி உங்கள் மகளைப் பிடித்துவிட்டான். கனடாவில் இருக்கிறார். நீங்கள் உங்கள் வீட்டிலேயே, நல்ல வயதில், கிணற்றுப் பக்கத்து அறையில் போய்விட்டீர்கள் என்று சொன்னார். தூக்கு என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளை பெரிதாகச் சிரித்தது.

"அம்மா சாகும்வரை சொல்லுவா, மாமா. 'என்ர தூக்கு இந்தியாவில நிக்குது. அவன் வெறுமையாக் கொண்டு வரமாட்டான். அதுதான் சுணங்குது' எண்டு."

தாமதமாகிவிட்டது, அக்கா. இனி இல்லை. உங்கள் மகள் வருகிற லீவுக்கு ஊருக்குப் போகிறார். நானும் போகிறேன். பாஸ்போர்ட்டு அலுவலகத்தில் என் பெயரை நானே எழுதினேன், படம் வரையவில்லை. கம்பித் தூண்கள் இப்போது இல்லையாம். வாய்க்கால் இருக்கிறதாம்.

இன்று வெயிலில் காய்ந்த தூக்கில் இனயத்து நெத்திலிக் கருவாடு நிறைத்திருக்கிறேன். தலை கிள்ளி, மணல் போகத் தட்டி, நானே பார்த்துப் பார்த்து எடுத்தது. நடுவில் ஒரு பொட்டலம் பருப்பும் இருக்கிறது. இது வேகும், நான் வேகவைத்துப் பார்த்துவிட்டேன். மூடியை அழுத்தி மூடிவிட்டேன். சாரம் உடுத்திக்கொண்டுதான் வருவேன்.