மாடியில் குடியிருப்பவர்

அன்புள்ள மச்சானுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுகிறேன். இங்கே நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்களுக்கு வெயில் கொஞ்சமாவது இறங்கி, வேளைக்குச் சோறும் தூக்கமும் கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் உங்கள் பின்னால் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், என் பின்னால் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஈஸ்வரபாண்டி லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறான். அவனிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டால் மாடிக்குக் கான்கிரீட் போட்டு முடித்துவிடலாம், என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். அதற்குப் பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள்.

மாடி அறையைக் கிட்டத்தட்ட நீங்கள் விட்டுப்போனபடியே வைத்திருக்கிறேன். நாலு சுவரும் எழும்பி நிற்கின்றன. படிக்கட்டில் மழைத்தண்ணீர் இறங்குகிறதென்று பாதிக்கு மட்டும் தகரம் போட்டேன். மீதிப் பாதிக்கு வானம்தான். மத்தியானம் அத்தை கண்ணசந்ததும் ஏறிப் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொள்வேன். மேகமலைப் பக்கமிருந்து மேகங்கள் மெல்லக் கழன்று வரும். நம் சுவருக்குள் ஒன்று நுழையும், ஜன்னலோரம் கொஞ்சம் தயங்கும், பிறகு போய்விடும். திராட்சைப் பந்தல்கள் மேல் காற்று ஓடும் சத்தம், பாதித் தூக்கத்தில் நீங்கள் கட்டிலில் புரளுகிற மாதிரியே கேட்கும். இங்கே கட்டில், அங்கே பீரோ, ஜன்னலடியில் நீங்கள் உட்கார்ந்து டீ குடிக்கும் இடம், எல்லாம் அந்த வெறுந்தரையில் எனக்குத் தெரியும். ஓர் ஆணியும் அடித்து, உங்கள் நீலக் கட்டம்போட்ட சட்டையைத் துவைத்து மாட்டியிருக்கிறேன். காற்றடித்தால் அது கையை ஆட்டும். பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் வீட்டு வரி பில் கலெக்டர் மலைச்சாமி அண்ணன் வந்தார். புதிதாகக் கட்டிய இடத்தையெல்லாம் அளந்து வரியைத் திருத்தச் சொல்லி உத்தரவாம். கீழ்வீட்டை அளந்துவிட்டு மாடிக்கு ஏறினார். டேப்பின் அந்த முனையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கம் இன்னும் கண்ணை விடவில்லை. அவர் தகரத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை மச்சான், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“எங்க வீட்டுக்காரக இருக்காக.”

அவர் அதையே பதிந்துகொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் நோட்டீஸ் வந்தது. மேல்தளம், தகரக் கூரை, குடியிருப்பு என்று போட்டு, அரையாண்டு வரி ஏறியிருந்தது. அத்தை என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மகன் மாடியில் இருப்பது இத்தனை நாளாகத் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே, ஒரு வாய் காப்பியாவது கொடுத்திருப்பேனே என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

மறுநாள் வரி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா நல்ல மாதிரி. வேலை முடியாத இடத்துக்கு வரி கிடையாது, மாடியில் யாரும் குடியில்லை என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் மறுபடி வந்து பார்த்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, பேனாவும் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஐயா, மேற்படி வீட்டின் மாடி அறையில் என்பது வரைக்கும் கை ஓடியது. அடுத்து வர வேண்டியது ‘யாரும் இல்லை’. நம் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். உப்புப் பானை காலியானால்கூட இல்லை என்று சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்றுதான் அத்தை சொல்ல வைப்பார். உப்புக்கே சொல்லாத வார்த்தையை உங்களுக்கு எப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவேன்? காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, கேட்ட வரியைக் கட்டிவிட்டு வந்தேன். காலியாகக் கிடக்கிற இடத்துக்கு வரி கட்டுகிறீர்களே என்றார் அந்த அம்மா. நான் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அத்தை திட்டுவார் என்று பயந்தேன். நடந்ததைச் சொன்னதும் எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் ஆளைக் காணோமே என்று தேடினால், அந்த முழங்கால் வலியோடு படியேறிப் போய் என் பாயில் படுத்திருக்கிறார். கண் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் படுக்க இடம் விட்டார்.

“இங்கன காத்து நல்லா வருதுத்தா. அவனுக்குப் பிடிக்கும்” என்றார்.

மச்சான், உங்கள் இஷ்டம் என்று நான் சொன்னது வாய்க்கு வந்த பேச்சு. என் இஷ்டம் வேறு. கான்கிரீட் இப்போது வேண்டாம். மழை வந்தால் தகரத்துப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம், இரண்டு பேருக்கு அந்த இடம் போதும். இங்கே வந்து சம்பாதித்து மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த தடவை மலைச்சாமி அண்ணன் வந்து மேலே யார் என்று கேட்டாலும் நான் அதே பதிலைத்தான் சொல்வேன். அப்போது நீங்கள் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு படியில் நிற்க வேண்டும். மாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
உங்கள் பாண்டீஸ்வரி