குளத்துக்கு வந்த மஞ்சள் தண்ணீர்

இன்று காலை வண்டி சீட்டைத் தூக்கியதும் மஞ்சள் வாசம் முகத்தில் அடித்தது. ராத்திரி பெய்த மழையில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி உன் மஞ்சள் பொட்டலத்தில் மிச்சமிருந்தது கரைந்துபோயிருந்தது. என் மழைக்கோட்டு, துண்டு, ஆர்.சி. புத்தகம் எல்லாம் மஞ்சள். போய்ச் சேர்ந்த பிறகும் என் சாமான்மேல் கை வைக்காமல் உன்னால் இருக்க முடியவில்லை, பார்.

பாசமாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வருவதென்னவோ பொறாமைதான். நாம் படித்தது ஒரே பாலிடெக்னிக், உட்கார்ந்தது ஒரே பெஞ்சு. மார்க்கு எனக்குத்தான் அதிகம். இந்தப் பேரூராட்சிக்கு இன்ஜினியர்களாக ஒன்றாகத்தான் வந்தோம். மேட்டுப்பாளையம் சாலைக்கு மேற்கே உனக்கு, கிழக்கே எனக்கு. வந்த கொஞ்ச நாளிலேயே ஊர் உன்னை வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல 'அம்மணி' என்று கூப்பிட ஆரம்பித்தது. என்னை இன்றைக்கும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறது. எனக்கு மட்டும் அந்தச் சொல் கிடைக்காமல் போக நான் என்ன குறை வைத்தேன்?

கல்யாண மண்டபத்தில் நான் போட்ட கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு என்று இரண்டு நிறத்தில் வரைபடம் போட்டு எடுத்துப்போனேன். சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகாலில் விழுவது எதுவும் சுத்தமாகாமல் நேரே நம் குளத்துக்குப் போகும், அதுதான் ஊர்க் கிணறுகளுக்கும் போர்வெல்களுக்கும் ஊறுகிறது, அதனால் வடிகாலில் எதையும் ஊற்றாதீர்கள் என்று தொண்டை வறளப் பேசினேன். எல்லாரும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நீ கடைசி வரிசையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய்.

"படத்தை யாரு புள்ள பாப்பாங்க? அவிய கண்ணுல காட்டோணும்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உன்னை விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன்.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் முறைக்காரர்கள் அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர் கரைத்து ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவே மஞ்சளாக ஓடியது. நீயும் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றாய். திடீரென்று, "எல்லாரும் கொளத்துக்கு ஒரு நடை வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று கூட்டத்தையே இழுத்துக்கொண்டு நடந்தாய். வடிகால் குளத்தில் சேரும் வாயில் மஞ்சள் தண்ணீர் கொடகொடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஏனுங் அம்மணி, நாம தெருவுல ஊத்துனது அப்படியே இங்கதான் வருதுங்களா?"

"உங்க பட்டறையக் கழுவி உடற எண்ணையும் இப்படித்தானுங்க வருது. மஞ்சளா இருக்கறதால இது கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதானுங்க."

அவர் அடுத்த வாரமே பட்டறை வாசலில் எண்ணெய் வடிகட்டும் தொட்டி கட்டிவிட்டார். நான் எத்தனை நோட்டீஸ் கொடுத்தும் அசையாத மனுஷன். குளத்துக்கு நல்லது நடந்ததே என்று ஒரு பக்கம் சந்தோஷம்தான். அது என் வாயால் நடக்கவில்லையே என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்புறம் மஞ்சள் பொட்டலம் உன் கைப்பையை விட்டுப் பிரியவே இல்லை. எந்த வீட்டுக் குழாய்மேல் சந்தேகம் வந்தாலும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாய். "எனக்கு வேண்டாம்" என்றேன். கேட்காமல் என் வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாய். தொடக்கூடாது என்று வீம்பாக வைத்திருந்தேன்.

போன பங்குனியில் நெஞ்சுவலி என்று நீ போய்விட்டாய். கடைவீதி முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டு வந்து நின்றது. அழுதேன், நிறைய அழுதேன். அழுகைக்கு நடுவில் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, எனக்கு இதில் கால்வாசி வருமா என்றும் நினைத்தேன். இதை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் தெருக்களையும் என் தலையில் கட்டினார்கள். போன மாசம் குளத்து வாயில் நுரை. வடிகாலைப் பிடித்துக்கொண்டே போனால், மேற்கே புதிதாக வந்த வீடுகளில் பாத்ரூம், வாஷிங் மெஷின் குழாயெல்லாம் வடிகாலில். மழை பிடிப்பதற்குள் மாற்றாவிட்டால் அத்தனையும் குளத்துக்குள் போய்விடும். வரைபடத்தோடுதான் போனேன். நம்மை மாற்றிக்கொள்ள முடியுமா?

"எங்க ஊட்டுத் தண்ணி சாக்கடைக்குத்தானுங்க மேடம் போகுது. பாக்கலாமுங்க" என்று முதல் வீட்டுக்காரர் கதவைச் சாத்தப் போனார். அந்தப் 'பாக்கலாமுங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இந்த ஊர் என் பேச்சை ஒருநாளும் கேட்கப்போவதில்லை என்று தோன்றியது. வண்டிக்குத் திரும்பினேன். சீட்டைத் தூக்கினேன். உன் பொட்டலத்தைப் பிரித்தேன்.

ஒரு வாளியில் கரைத்து அவர் பாத்ரூமில் ஊற்றிவிட்டு, தெருவில் வடிகால் மூடியைத் திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வந்தது. அவர் சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம அம்மணி செய்யற வேலையாச்சுங்களே! நீங்க அவியளோட சிநேகிதிங்களா?" என்றார்.

நான் இந்த ஊர் இன்ஜினியர், இது என் வேலை என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆமாங்க" என்றேன். அப்புறம் தெருவே திரண்டு வந்து அடுத்தடுத்த வீட்டு பாத்ரூமைக் காட்டியது. எனக்கு டீ கொடுத்தார்கள். உன்னைப் பற்றியே பேசினார்கள். மழைக்கு முன்னால் எல்லாக் குழாயும் மாறிவிட்டது.

இன்று காலை குளத்துக்குப் போனேன். செம்மண் கரைந்த தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நுரையும் எண்ணெய்ப் படலமும் இல்லை. அங்கே வந்திருந்த பட்டறைக்காரர், "அம்மணி இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றார். நனைந்த செருப்போடு நான் அவருக்கு எதிரில்தான் நின்றேன்.

வரும் வழியில் மளிகைக் கடையில் வண்டியை நிறுத்தினேன். "அம்மணி மஞ்சளுங்களா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க, அதேதானுங்க" என்றேன். "ஈரம் படாம ரெண்டு கவரு போட்டுக் கட்டிக் குடுங்க."