குளிர வைத்த சிவப்பு விளக்கு

என் மெக்கானிக் கடைக்கு எதிர்ச்சந்தில் பிள்ளைகள் பொட்டு வெடியைக் கல்லால் தட்டத் தொடங்கிவிட்டார்கள். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்த மருந்து வாசனை உள்ளே வந்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருஷமாக இந்த மாதத்தில் எனக்கு இதே பாடுதான். ஊருக்கெல்லாம் முறுக்கு வாசனை, எனக்கு மட்டும் உன் வண்டி.

அந்த வண்டி சென்னையில் இருந்து செகண்ட் ஹேண்டாக வந்தது. டாக்சி ஸ்டாண்டில் அம்பாசிடர்களுக்கு நடுவே அதை நிறுத்திவிட்டு, நீ புது மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றாய். முன்சீட் பெல்ட் இரண்டிலும் ஒரு வசதி இருந்தது. வண்டி எதிலாவது மோதினால், சீட்டோரம் பெல்ட்டைச் செருகும் பூட்டோடு இருக்கும் துளி மருந்து வெடித்து, கண் இமைப்பதற்குள் பெல்ட்டை உடம்போடு சேர்த்து இறுக்கிவிடும். பொட்டு வெடியில் இருக்கிற அளவு மருந்துதான். புத்தகத்தில் அதற்குப் பெயர் பிரீடென்ஷனர். உனக்கு அது வாயில் நுழையவில்லை, இழுப்பான் என்று பெயர் வைத்தாய். இன்றுவரை நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

பெல்ட் போடாமல் நீ வண்டியை ஒரு அடி நகர்த்தியதில்லை. அப்போது நம்மூரில் பெல்ட் போடுகிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள். "என்னபா, பிளைட்டா ஓட்டுறே?" என்று நானே கேட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், போட்டால்தான் வண்டி நகரும் என்று நீ சாவியில் கை வைத்தபடி காத்திருப்பாய்.

ஒரு புரட்டாசியில் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும் ஆள் மேல் பெல்ட் போட்ட படம், இழுப்பானில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். திருப்பதிக்குப் போகிற குடும்பங்கள் ஏறியதும் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒரு அம்மாள், பெருமாளைப் பார்க்கப் போகும்போது சிவப்பாக எரிகிறதே என்று இறங்கியே போய்விட்டாள். மறுநாள் காலை நீ வண்டியோடு ஐயம்பேட்டை ரோட்டில் என் கடை வாசலுக்கு வந்தாய்.

"இதைக் கொஞ்சம் குளிர வெச்சுக் குடுத்துடுபா" என்றாய். இது என்ன குத்துவிளக்கா என்று கேலி செய்தேன். உங்கள் வீட்டில் எந்த விளக்கானாலும் அணை என்று சொல்ல மாட்டீர்கள், குளிர வை என்றுதான் சொல்வீர்கள். டார்ச் லைட்டுக்கும் அதே மரியாதைதான். "விளக்குன்னா விளக்குதாம்பா" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டாய்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும் என்றேன். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். உனக்குப் பொறுமை இல்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டரைப் பார்த்ததும் கரண்ட் பார்க்கிற மீட்டரை வைத்துப் பார்த்துவிடலாமே என்றாய். கையைத் தட்டிவிட்டேன். மீட்டருக்குள் இருக்கிற சின்ன பேட்டரியே அந்த மருந்தைக் கொளுத்திவிடலாம், மூஞ்சி போய்விடும் என்று கத்தினேன். அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சீட் முன்னும் பின்னும் நகர்ந்து ஒயர் எங்காவது உரசி அறுந்திருக்கும் என்பது என் கணக்கு. நீதான் குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனாய். தறி வீட்டுப் பிள்ளை, அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டே பிடிப்பவன். ஓரிடத்தில் நிறுத்தி, இங்கே தோல் போயிருக்கிறது என்றாய். ஆமாம், போயிருந்தது. சரிசெய்து சாவியைத் திருப்பினோம். விளக்கு அப்படியே எரிந்தது.

அப்புறம்தான் ஒரு ரெசிஸ்டரை எடுத்தேன். இரண்டு ஓம் மின்தடை, நெல்மணி அளவு. மஞ்சள் கனெக்டரை இழுப்பானில் இருந்து பிரித்து, வண்டிப் பக்கத்து முனையில் அதைச் செருகினால், இழுப்பான் நல்லபடியாக இருக்கிறது என்று வண்டி நம்பிக்கொள்ளும். விளக்கு அணைந்தால் ஒயரில் குற்றமில்லை, இழுப்பான்தான் செத்துவிட்டது என்று அர்த்தம். முறையான சோதனைதான் அது. சோதித்ததும் ரெசிஸ்டரை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பினேன். விளக்கு ஆறு விநாடி எரிந்து, தானாக அணைந்தது. "குளிர்ந்துடுச்சுபா" என்று நீ கைதட்டினாய்.

டிரைவர் சீட்டு இழுப்பான் வேலை செய்யாது, புதுசு வரவழைக்க வேண்டும், பதினைந்து இருபது நாள் ஆகும் என்று சொன்னேன். அதுவரைக்கும் இது இருக்கட்டுமே, சனிக்கிழமை திருப்பதி சவாரி இருக்கிறது என்றாய். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பிறகு கருப்பு டேப்பை எடுத்து ரெசிஸ்டரைச் சுற்றினேன்.

இழுப்பான் ஐப்பசி பிறந்ததும் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு உனக்குச் சொல்லி அனுப்பினேன். தீபாவளிப் பட்டு எடுக்க ஊரெல்லாம் ஜனம், வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறது, தீபாவளி முடிந்ததும் விடுகிறேன் என்றாய். நானும் சரி என்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் தினம் ஒரு சவாரியாவது உன்னைக் கேட்டிருக்கும், நீ தினம் என்னை அரித்திருப்பாய். நான் அதைக் குளிர வைக்கவில்லை. வாயைப் பொத்தி வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பைபாசில், தூறலில், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினாய். பக்கத்தில் இருந்த பட்டுக்கடைக்காரர் தோளில் பெல்ட் தடத்தோடு பிழைத்துக்கொண்டார். அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஒரே வண்டியில் பெல்ட் போட்டவர் பிழைத்தார், டிரைவர் போய்விட்டான், ஆகவே அவன் பெல்ட் போடவில்லை என்று ஊர் தீர்மானித்துவிட்டது. பத்து வருஷம் உன்னைக் கேலி செய்த ஸ்டாண்டே அதை நம்பியது.

நான் வண்டியைப் பார்க்கப் போனேன். உள்ளே இன்னும் பொட்டு வெடி வாசனை இருந்தது, பக்கத்து சீட்டின் இழுப்பான் வெடித்த வாசனை. உன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். கொக்கி உரசிய இடத்தில் நாடா பளபளவென்று தேய்ந்து தழும்பாகி இருந்தது. உடம்பின் கனத்தைத் தாங்கிய பெல்ட்டுக்குத்தான் அப்படி ஆகும். நீ போட்டிருந்தாய். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, டேப்போடு ரெசிஸ்டரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

உன் பக்கம்தான் அதிகம் நொறுங்கியிருந்தது. புது இழுப்பான் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாயா, தெரியவில்லை. இந்தத் தெரியவில்லையைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருஷம் ஓட்டினேன்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் பையன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறான். உன் பெண்டாட்டி, எனக்கு என்றும் தங்கச்சிதான், தறியில் இருந்தபடியே அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கப்பா மாதிரி திமிராக இருக்காதே, பெல்ட் போட்டிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார் என்றாள். எவ்வளவு கோபம் அவளுக்கு உன் மேல். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா" என்றாள். நான், "ஆமாம்பா, பெல்ட்டு போட்டுக்கோ" என்றேன். வெட்கம் கெட்டவன். அவள் போட்ட காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

இன்று வெடி வாசனையில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் காபிதான் நெஞ்சில் நின்றது. மேஜை டிராயரில் இருந்து ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு நடந்தேன். தங்கச்சி தறியில் பாவு நூலில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். பையனும் இருந்தான். பெல்ட்டின் தழும்பில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளங்கையை நீட்டினாள், அதில் ரெசிஸ்டரை வைத்தேன்.

"அப்ப அவரு போட்டுக்கினுதான் இருந்தாரா?"

ஆமாம் என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் ஆமாம் என்றேன். பையனைப் பார்த்து, "கேட்டுக்கினியாடா, உங்கப்பா போட்டுக்கினுதான் இருந்தாரு" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஏழு வருஷமாக உன்னைத் திட்டியதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

அழுது முடித்து, கையைப் பிரித்து அந்த நெல்மணியை இன்னொரு தரம் பார்த்தாள்.

"எரிஞ்சிக்கினு இருந்த விளக்கை நீங்கதான் அணைச்சீங்களா?"

உங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. ஆமாம்மா என்றேன். அண்ணா என்று அவள் கூப்பிடவில்லை என்பது வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. போயிட்டு வாங்க என்றும் சொல்லவில்லை.

கடைக்கு வந்து ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டேன். அலமாரியில் உன் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. ரெசிஸ்டர் அவளிடம் இருக்கிறது, நான் திருப்பிக் கேட்கவில்லை. அவள் சொன்ன சொல் மட்டும் என்னோடு வந்துவிட்டது.