புற்று மண் போட்ட லென்ஸ்

ஜூலை 9, புதன்

காலையில் மூன்று பாஸ்போர்ட் போட்டோ, ஒரு ஆதார் லேமினேஷன். அவ்வளவுதான் இன்றைய ஸ்டுடியோ. சும்மா இருக்கிறோமே என்று பீரோவைத் திறந்து எண்பத்தைந்து எம்.எம். லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஒட்டடை. துடைத்தேன், போகவில்லை. ஊதினேன், போகவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த பையோடு உள்ளே வைத்துப் பூட்டியது நான்தான். யாரைத் திட்டுவது?

ஆகஸ்ட் 31 கடையநல்லூரில் ஹஸ்னா பானுவின் நிக்காஹ். நான் எடுக்கப்போகும் முதல் கல்யாணம். பெண்கள் பக்கம் பெண்தான் எடுக்க வேண்டும் என்று என்னைப் பிடித்திருக்கிறார்கள். மணப்பெண்ணுக்கு ஒரே நிபந்தனை, பிளாஷ் கூடாது. "பிளாஷ் அடிச்சா கண்ண மூடிருவேன்க்கா. எல்லா ஆல்பத்துலயும் தூங்கிட்டேதான் இருக்கேன்." பிளாஷ் இல்லாமல் மங்கல் வெளிச்சத்தில் எடுக்க என்னிடம் இருப்பது இந்த லென்ஸ் ஒன்றுதான். இதைக் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் பாஸ்போர்ட் போட்டோதான்.

அத்தை வாங்கிப் பார்த்தார்கள். "ஏட்டி பிரியா, இது தோல்ல வர்ற படை மாதிரில்லா இருக்கு. கோயில் புற்று மண்ணக் குழச்சுப் போடு. மூணு நாள்ல உதிர்ந்துரும்."

என் மாமியார் இசக்கியம்மாளைப் பொறுத்தவரை தேமல், சொறி, எதிர்வீட்டு நாய்க்கு முடி கொட்டியது, எல்லாவற்றுக்கும் மருந்து அது ஒன்றுதான். சிரித்துவிட்டு, லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு மாவாட்டப் போனேன். தப்பு செய்தது அங்கேதான்.

ஜூலை 10

போட்டுவிட்டார்கள்.

ஜூலை 11

நேற்று எழுதக் கை ஓடவில்லை. லென்ஸ் முகம் முழுக்க மண் பத்து, காய்ந்து வெடித்து நின்றது. கழுவித் துடைத்ததில் முன் கண்ணாடி ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். பூஞ்சை மட்டும் அதே இடத்தில் சுகமாக இருக்கிறது.

"உள்ள இருக்கதுக்கு வெளிய போட்டா எப்படித்தே போகும்?" என்றேன்.

"வயித்து வலிக்கு வயித்து மேலதான பத்துப் போடுதோம். கொடலுக்குள்ளயா போடுதோம்?"

கீறலைக் காட்டிக் கத்தினேன். மகாராஜன் தறி ஷெட்டிலிருந்து வந்தார், நாங்கள் இருவரும் கத்தியதைக் கேட்டார், சோறு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். தறிச் சத்தத்தில் என் புருஷனுக்குக் காது மந்தம் என்பார்கள். சண்டையின்போது மட்டும்தான் மந்தம்.

ஜூலை 14

பெரிய ஸ்டுடியோ செல்வக்குமார் லென்ஸைக் கையில்கூட வாங்கவில்லை. "பூஞ்சை வந்துட்டா போச்சும்மா. தூரப் போடுங்க" என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இருந்தது. அவரும் அந்த நிக்காஹ் ஆர்டரைக் கேட்டுப் போனவர்தானே.

புதிதாக வாங்கும் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். ஆக, பிரித்துச் சரிபார்த்து விற்கும் பழைய லென்ஸ்தான் கதி. ரெண்டு நாளாக வீடியோ வீடியோவாகப் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பார். வளையத்தைத் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேள். உன் கேமராவில் மாட்டி நாலு படம் எடு. வாரண்டியை எழுதி வாங்கு. பொருள் கைக்கு வராமல் பத்துப் பைசா அனுப்பாதே. இனி என்னை எவனும் ஏமாற்ற முடியாது.

ஜூலை 19

ஆன்லைனில் அதே எண்பத்தைந்து, பாதி விலை. விற்பவர் மிலிட்டரியாம், அவசர டிரான்ஸ்பராம், பாதிப் பணத்தை முதலில் அனுப்ப வேண்டுமாம். வீடியோ காலில் வந்து பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டுங்கள் சார் என்றேன். எல்லையில் டார்ச் அடிக்கக் கூடாதாம்.

பிளாக் செய்துவிட்டேன்.

ஜூலை 26

பழையதை விற்றால்தான் புதுப் பழையது வாங்க முடியும். மகாராஜனிடம் கொடுத்தனுப்பினேன். "உள்ள என்னன்னு கேட்டா தூசின்னு சொல்லுங்க" என்று சொல்லியும் கொடுத்தேன். சாயந்திரம் பணத்தோடு வந்தார். கொஞ்சம்தான். எந்த ஊர், யாரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ராத்திரி தூக்கம் வராது.

கேட்காமலும் வரவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஊர்க் கோயில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து இன்றைக்குத்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. திருநெல்வேலியில் பீர் மைதீன் பாய் கடை. லென்ஸ் பிரித்துச் சரிபார்த்து விற்பவர், இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். எண்பத்தைந்து ஒன்று இருந்தது. சுத்தமாக, பளபளவென்று.

"விக்க வந்தவங்க பூஞ்சைய மறைக்கப் பாத்தாங்க தங்கச்சி. நமக்குத் தெரியாதா? முழுசாப் பிரிச்சு கிளீன் பண்ணிட்டேன். ஆறு மாசம் வாரண்டி."

"மனசாட்சியில்லாத ஜென்மங்க பாய்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். உள்ளே ஒரு குறை இல்லை. முன் கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல். பிறை மாதிரி. வளையத்தைத் திருப்பினேன். லேசாகக் கரகரத்தது. இடுக்கிலிருந்து உள்ளங்கையில் செம்மண் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. முகர்ந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

கடவுளே. எழுதும்போதே காது சுடுகிறது. பேரம் பேச வாய் வரவில்லை. விற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், அவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் மானூர் தாண்டும் வரை எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

மகாராஜன் வாங்கி உருட்டிப் பார்த்தார். "புதுசு மாதிரில்லா இருக்கு. நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துச்சே, சனியன்." லென்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே நழுவிவிட்டேன்.

அத்தையிடம் அது நடக்கவில்லை. ஒரே பார்வைதான். "இது நம்மளுதுல்லா" என்றார்கள். வெளிச்சத்தில் பிடித்தார்கள். "பாத்தியா, உதிர்ந்துருச்சு. கண்ணாடிங்கதால மூணு நாளுக்குப் பதிலா ஒரு மாசம் பிடிச்சிருக்கு."

ஆகஸ்ட் 31

இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆயிரத்து நூறு படம். மணப்பெண் அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதிலும் பாதிக்குத் திரை. லென்ஸ் தாங்கிவிட்டது. ஹஸ்னா பானு ஒரு படத்தில்கூடக் கண் மூடவில்லை. அவள் உம்மா முக்காட்டில் ஊசி குத்தும்போது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் நிறைந்தது. அது அப்படியே படத்தில் விழுந்திருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். உம்மா கேமராவோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவள் கல்யாணத்துக்கும் நான்தானாம்.

சந்தோஷமாக இருக்கிறேன். பாய் முகம்தான் நடுவில் நடுவில் வருகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன். கல்லாவுக்கு முன்னால் நின்று, "பாய், அந்த மனசாட்சியில்லாத ஜென்மம் நான்தான்" என்றேன். அத்தை போட்ட புற்று மண் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் டீ சொன்னார். "அன்னைக்கே தெரியும் தங்கச்சி. டார்ச் அடிச்சதும் ஒங்க கண்ணு நேரா அந்தக் கீறல்ல போய் நின்னுச்சு. அப்புறம் பேரமே பேசல. என் கடையில பேரம் பேசாம வாங்கின ஆளு நீங்க ஒருத்தர்தான். முதல்லயே இங்க கொண்டாந்திருந்தா எண்ணூறு ரூபாய்க்குக் கிளீன் பண்ணித் தந்திருப்பேன்."

எண்ணூறு ரூபாய். டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்ல ஆயிஷம்மாளுக்குக் கால்ல ஒரு படை. எந்தக் களிம்புக்கும் கேக்க மாட்டேங்கு. அந்த மண்ணு கொஞ்சம் கெடைக்குமா?"

வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. உள்ளே போய் இரண்டு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஒண்ணு அந்தம்மாவுக்கு."

"இன்னொண்ணு?"

"வாரண்டி ஆறு மாசந்தானட்டி குடுத்திருக்கான்?"

வாங்கிக் கேமராப் பையில் வைத்துக்கொண்டேன். லென்ஸ் இல்லாத பக்கம்.