சிவப்பும் பச்சையும் சேர்ந்த இடம்

பாய்,

நேற்றுச் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம். வானத்தில் சிவப்பாக ஒரு வெடி பூத்தது. அது உதிர்வதற்குள் பச்சையாக இன்னொன்று. இரண்டின் வெளிச்சமும் புகையில் கலந்த இடத்தில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

நாம் பழகியது மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில். நான் விருதுநகரில் ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார். நீங்கள் சிவகாசியில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்காரர். இருவருக்கும் இடது விலாவுக்குக் கீழே கல் வைத்தாற்போல ஒரு கனம். இருவர் ரத்தத்திலும் வெள்ளணுக்கள் தாறுமாறாகப் பெருகியிருந்தன. ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க, இருவரின் எலும்பு மஜ்ஜையும் ஒன்றாகவே வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்குப் போனது. "நம்ம ரெண்டு பேரையும் ஒரே லோடுல ஏத்திட்டாக வாத்தியாரே, எங்கன இறக்குறாகன்னு பாப்போம்" என்று சிரித்தீர்கள்.

முடிவு வந்த அன்று, டாக்டர் கூப்பிடும்வரை உங்களுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு உறைகளையும் பிரித்துவிட்டீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். கறுப்புப் பின்னணியில் நீல வட்டங்களாக அணுக்கள், அவற்றுக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். என் படத்தில் அங்கங்கே மஞ்சள் புள்ளியும் இருந்தது. உங்கள் படத்தில் மஞ்சளே இல்லை.

"இதென்ன கூத்து? சிவப்பும் பச்சையும் சேந்தா மஞ்சளா? எங்க பிரஸ்ல சேந்தா சேறு மாதிரில்ல வரும். ஆர்டர் குடுத்தவன் பண்டலத் தூக்கி மூஞ்சில எறிஞ்சிருவான்."

"மை வேற, வெளிச்சம் வேற பாய்" என்று ஆரம்பித்தேன். வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டால் எனக்கு வெளியே வரத் தெரியாது. சாத்தூர் பஸ்ஸும் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸும் உடைந்து, ஒன்றின் பின்பாதி மற்றதில் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? குரோமோசோம்களில் அப்படி நடந்து, ஒட்டக்கூடாத இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதால் வருவது இந்த நோய் என்றேன். சோதனைக்கூடத்தில் அணுவுக்குள் விடுவார்கள்: ஒரு மரபணுவில் மட்டும் போய் உட்காரும் சிவப்புத் துணுக்கு ஒன்று, மற்றதில் மட்டும் உட்காரும் பச்சைத் துணுக்கு ஒன்று. இரண்டும் ஒளிரும். தனித்தனியே ஒளிர்ந்தால் மரபணுக்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. மஞ்சள் தெரிந்தால் ஒட்டிவிட்டன.

"அப்ப எனக்கு ஒட்டல?"

"ஒட்டல."

"அப்ப எனக்கு நோவே இல்ல?"

"இருக்காது பாய்."

ஒரு கேள்விக்குக் கிடைத்த 'இல்லை'யை எல்லாக் கேள்விக்கும் விடையாக எழுதும் மாணவனுக்கு நான் சுழியம் போட்டிருப்பேன்; அன்று அப்படி எழுதியது நானே. நீங்கள் எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினீர்கள். "இந்தா, ஒண்ணுமில்லையாம்! வாத்தியாரே பாத்துச் சொல்லிட்டாக!" என்று வீட்டுக்குச் சொன்ன குரல் வராந்தாவரை கேட்டது. காராச்சேவுப் பொட்டலத்தோடு திரும்பி வந்து நீட்டினீர்கள். என் படத்தில் மஞ்சள் இருந்ததே, நான் வாங்கவில்லை. அதைத் தட்டிவிடத்தான் என் கை துறுதுறுத்தது.

பிறகு டாக்டர் அம்மா நம்மை ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். எனக்கு இருக்கும் அந்த ஒட்டைக் குறிவைத்து அடக்கும் மாத்திரை வந்துவிட்டது. தினமும் சாப்பிட்டால் வெகுகாலம் இருக்கலாம். உங்களுக்கும் ரத்தப் புற்றுநோய்தான், ஆனால் வேறு வகை. ஒட்டு இல்லாததால் அந்த மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. முடிந்ததைச் செய்து பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். துக்கத்தால் அல்ல பாய். முகத்தில் ஏறிய சந்தோஷத்தை என்னால் இறக்க முடியவில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"ஏன் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டீக? ஒருத்தருக்காவது மருந்து இருக்குல்ல. சிரிச்சாத்தான் என்ன? இப்பவாச்சும் சேவு தின்னுங்க."

தின்றேன். ருசியாகவும் இருந்தது.

விருதுநகர் முதலில் வந்தது. சிவகாசிவரை உங்களோடு வந்து, "தப்பாகச் சொன்னது நான்தான்" என்று உங்கள் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன், இறங்கினேன். ஒண்ணுமில்லை என்று கேட்டுக் காத்திருந்த வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போனீர்கள்.

அடுத்த தீபாவளி சீசன் தொடங்குமுன் உங்கள் மவுத்துச் செய்தி வந்தது. உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது உங்கள் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்கதான் அந்த வாத்தியாரா? 'போன்ல வாத்தியார் பேரச் சொன்னது சும்மா, படத்த நான்தான் அவசரத்துல தப்பாப் பாத்துட்டேன், வாத்தியார் அப்பவே பொறுங்கன்னாரு'ன்னு அவுக சொன்னாக. உங்க பேச்சக் கேட்டுருந்தா அன்னைக்கு போன் பண்ணியிருக்க மாட்டாகள்ல?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன் பாய். ஆமாம் என்பதுபோல.

பிரஸ்ஸை இப்போது அவர்தான் நடத்துகிறார். வருடம் தவறாமல் எனக்கு ஒரு தினசரி காலண்டர் வருகிறது. மேலே 'வாத்தியார் அவர்களுக்கு' என்று அவர் கையெழுத்து. காலையில் ஒரு தாள் கிழிப்பேன், ஒரு மாத்திரை விழுங்குவேன். எனக்குக் கிடைத்த ஒவ்வொரு நாளும் உங்கள் வீட்டிலிருந்து வந்ததுபோலவே இருக்கிறது. என் தப்பு மட்டும் இன்னும் உங்கள் பெயரிலேயே கிடக்கிறது.

இன்றைய தாளைக் கிழித்துவிட்டேன். மாத்திரை கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் உண்மையைச் சொல்லும்வரை அது இறங்காது போலிருக்கிறது.