வேலிக்கு அந்தப் பக்கம் போன வண்டு

சென்ற வாரம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். தொட்டியில் இரண்டு மூன்று அந்துருண்டைகள் கிடந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் சட்டைப் பை நினைவுக்கு வந்தது. வடகரைத் தோப்பில் உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அது உருண்டைகளால் புடைத்திருக்கும். பீடி நாற்றத்தை மறைக்கவா என்று நான் கேலி செய்தால், "எம் பிள்ளைகளுக்கு வாங்குன மிட்டாய், அண்ணாச்சி" என்பீர்கள்.

அந்தப் பிள்ளைகள், பாதி ஆயுளைச் சவூதியில் கழித்துவிட்டு வந்து நீங்கள் நட்ட தென்னைகள். அவை தலைதூக்கிய நேரத்தில் காண்டாமிருக வண்டு குருத்தில் ஏறியது. விரிகிற ஓலையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் முக்கோணமாக நறுக்குண்டிருந்தது. அதைப் பற்றிச் செய்தி எழுத வந்துதான் உங்களுக்குப் பழக்கமானேன்.

முதலில் மருந்து அடித்துப் பார்த்தீர்கள். பூச்சிக்கொல்லி பூச்சியின் உடம்பில் பட வேண்டும், இல்லையென்றால் அதன் வயிற்றுக்குள் போக வேண்டும். இந்த வண்டோ குருத்துக்குள் புதைந்து கிடக்கிறது. நாரை மென்று வெளியே தள்ளிவிட்டுச் சாற்றை மட்டும் குடிக்கிறது. அடித்த மருந்து மட்டை வழியே இறங்கி மண்ணுக்குத்தான் போனது. எறும்புகள் செத்தன.

பிறகுதான் அந்துருண்டை. குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வைத்து மேலே மணலைப் போடுவீர்கள். அது உருகுவதில்லை, அப்படியே ஆவியாகிறது. வாடை பொறுக்காமல் வண்டு விலகிப் போகும். சாவதில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில்தான் வண்டும் அதிகமாகக் கிளம்பும். ஊரே ஐந்தருவிக்குக் குளிக்கப் போகும்போது, நீங்கள் காற்றில் கரைந்துபோன உருண்டைகளுக்கு மாற்று வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

விலகிய வண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் உங்கள் தம்பியின் தோப்பு. பாகம் பிரித்த நாளிலிருந்து நீங்கள் இருவரும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்று தொழுதுவிட்டு, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுவீர்கள். வண்டு முட்டையிட்டுப் பெருகியது தம்பியின் எருக்குழியில். அதைக் கிளறிப் புழுவை எடுத்தால் இரண்டு தோப்பும் பிழைக்கும். அதைச் சொல்ல என்னை அனுப்பினீர்கள்.

தம்பி நிதானமாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "அவரு வெரட்டுத வண்டு எங்க போவுது? எந் தோப்புக்குத்தான? மொதல்ல அவர உருண்டைய எடுக்கச் சொல்லுங்க. பொறவு குழியப் பாக்கலாம்."

அப்படியே வந்து உங்களிடம் சொன்னேன். அடுத்த வாரமே, வேலியோரம் இருந்த தம்பியின் மரங்களிலும் ஆளை விட்டு உருண்டை வைத்திருந்தீர்கள். "அவன் மரமும் எங்க வாப்பா மண்ணுலதான நிக்கி" என்றீர்கள்.

தம்பிக்கு அது அத்துமீறலாகப் பட்டது. தன் மரத்தில் கைவைக்க அண்ணனுக்கு யார் உரிமை கொடுத்தது என்று சத்தம் போட்டார். உருண்டைகளையெல்லாம் எடுத்து வேலிக்கு மேலாக வீசச் சொன்னார். அன்று நான் அங்கேதான் இருந்தேன். நீங்கள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, பையில் போட்டுக்கொண்டீர்கள். "வெயிலு ஏறுது, வாங்க" என்றதோடு சரி.

வண்டு போட்ட ஓட்டைகளில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அதன் புழு மரத்தை உள்ளிருந்தே தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கொண்டை சரிந்து விழும். வேலிக்கு இந்தப் பக்கமும் விழுந்தது, அந்தப் பக்கமும் விழுந்தது. அந்த மழைக்காலத்தில்தான் நெஞ்சுவலி வந்து நீங்களும் போனீர்கள். உங்களை அடக்கத்துக்குச் சுமந்துபோன சந்தூக்கின் முன்கொம்பை உங்கள் தம்பி கடைசிவரை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

மண்டபத்திலிருந்து அன்றே வடகரைக்குப் போனேன். உங்கள் தோப்பில் பாதி மரம் மொட்டையாக நிற்கிறது. உங்கள் மகன் சவூதியிலிருந்து இன்னும் வரவில்லை. தம்பி எருக்குழிக்குள் மண்வெட்டியோடு நின்றிருந்தார். குழி அடிவரை வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வாளி நிறைய, கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"குழியக் கிளறிட்டேன் அண்ணாச்சி. அண்ணன்ட்ட சொல்லிருங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி வெட்டத் தொடங்கினார். அவர் வெட்டிய இடத்தில் எரு எதுவும் மிச்சமில்லை, வெறும் மண்தான் இருந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இத்தனை வருடமும் கேட்டதைக் கேட்டபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. இதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.